பெரட்டுக்கு விரல் ரத்தநாள மெஷின்: ஆழ்கற்றல் வேணுமா, வேணாமா? (சுங்கை சிப்புட்)

செம்பனை_டெக்: ரப்பர் பால் வெட்டுறவங்க கைரேகை தேஞ்சு போய், பெரட்டுல (தோட்டத்துக் காலை வருகைப் பதிவு) மெஷின் படிக்கவே மாட்டேங்குது. ரத்தநாளம் தோலுக்கு அடியில, தேயாது. விரலுக்கு மேல 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி வரிசை, கீழ ராஸ்பெர்ரி பை குட்டிக் கம்ப்யூட்டரோட நோஐஆர் கேமரா (அகச்சிவப்பைத் தடுக்காதது), நடுவுல சாதா வெளிச்சத்தைத் தடுக்குற ஃபில்டர். மாடல் ரெஸ்நெட்-18ங்கிற ஆழ்கற்றல் வலை; ஒரே விரல் படங்களைக் கிட்டயும் வேற விரலைத் தூரமாவும் வைக்கப் பழக்குற ஆர்க்ஃபேஸ் லாஸ். பயிற்சிக்கு யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வெளியிட்ட எஃப்வி-யுஎஸ்எம் விரல் ரத்தநாளப் படங்கள் இருக்கு: 123 பேர், ஆளுக்கு 4 விரல், ரெண்டு அமர்வு.

கிராணி_மகன்: தம்பி, அந்த 123 பேரும் யுஎஸ்எம் ஊழியர், மாணவர். காப்புக் காய்ச்ச விரலுக்கு அது எப்படிப் பொருந்தும்? படத்துல வளைவைக் கணக்குப் போட்டு நாளக் கோட்டைக் கண்டுபிடிக்குற மியூரா குழுவோட மேக்ஸிமம் கர்வேச்சர் முறை 2007-லயே வந்தாச்சு, பயிற்சியே தேவையில்ல. விடியக்காலை குளிர்ல நாளம் சுருங்கி கோடு மங்கிடும். அப்ப கோடு பிரிக்குற யு-நெட் மாதிரி ஆழ்கற்றல் மாடல், இல்லாத கோட்டை இருக்குறதா வரைஞ்சு காட்டும் லா.

செம்பனை_டெக்: அண்ணே, யு-நெட் நான் சொல்லவே இல்ல. மங்கல் படத்தைத் தரம் பார்த்துத் தள்ளிட்டு, கையைத் தேய்ச்சு மறுபடி வைக்கச் சொன்னா போதும். விரல் உருண்டு படுத்தா கோடெல்லாம் இடம் மாறுது பாருங்க, அங்கதான் உங்க கர்வேச்சர் கவுந்துடும்.

லயத்து_வயர்மேன்: ரெண்டு பேரும் மாடலையே பிடிச்சுத் தொங்குறீங்க. மூட்டு வழியா வெளிச்சம் அதிகம் ஊடுருவும், நடு எலும்புப் பக்கம் கம்மி. எல்லா எல்இடியும் ஒரே அளவுல எரிஞ்சா மூட்டு வெளுத்துடும், நடுவுல இருட்டு. ஒவ்வொண்ணுக்கும் தனி கட்டுப்பாடு போடுங்க. விரல் வைக்குற இடத்துல அக்ரிலிக் வேணாம். ரப்பர் பால் காஞ்சு படலமா ஒட்டும், ஆல்கஹால்ல துடைச்சா நுண்விரிசல் விழும். கண்ணாடி போடுங்க. வெயில்லயும் அகச்சிவப்பு இருக்கு, மேல மூடி கட்டாயம்.

கிராணி_மகன்: இது பேச்சு! இன்னொண்ணு, படங்களைக் கலைச்சுப் போட்டு பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிச்சு 99 விழுக்காடுன்னு காட்டாதீங்க. ஒரே அமர்வுல ஒரு விரலை எடுத்த 6 படமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பயிற்சியில பார்க்காத ஆளுங்களை வச்சு, முதல் அமர்வுப் படத்தைப் பதிஞ்சு ரெண்டாவதால சோதிக்கணும். கண்ணாடி பிம்பமா திருப்பின படத்தை அதே விரல்னு சேர்க்காதீங்க, புது விரலா எண்ணுங்க. அப்புறம், ஒரு ஒப்பீட்டுக்குத் தவறா ஏத்துக்குற வாய்ப்பு 0.01 விழுக்காடுன்னா, 300 பேரோட ஒப்பிடும்போது சுமார் 3 விழுக்காடு. சம்பளக் கணக்குல சண்டைதான் வரும்.

செம்பனை_டெக்: சரி, ஆள் எண்ணை அடிச்சுட்டு விரல் வைக்கட்டும், ஒருத்தரோட மட்டும் ஒப்பீடு. கத்தி பிடிக்காத கையில ரெண்டு விரல் பதிவு. ஆர்க்ஃபேஸை மட்டும் விட மாட்டேன்.

கிராணி_மகன்: 2018-ல ஜெர்மனி ஹேக்கர் மாநாட்டுல மெழுகுக் கையை வச்சே உள்ளங்கை ரத்தநாள மெஷினை ஏமாத்திக் காட்டினாங்க. அதுக்கு உங்க ஆர்க்ஃபேஸ் என்ன பண்ணும்? நம்ம நாட்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 2024 திருத்தத்துல பயோமெட்ரிக் (உடல் அடையாள) தரவு நுண்ணிய தனிநபர் தரவு ஆயிடுச்சு. ஒவ்வொருத்தர் கிட்டயும் வெளிப்படையான சம்மதம் வாங்கியாகணும். அந்தப் பாரத்தைத் தமிழ்ல யார் எழுதப் போறீங்க?

லயத்து_வயர்மேன்: பாரத்தை நீங்களே எழுதுங்க, தோட்டத்து எழுத்தர் கிராணியோட மகன்தானே!