தாம்பரம் பக்கம் வீடு: எந்த ஏரியா பார்க்கலாம்?

வணக்கம். மதுரையிலிருந்து ஜூன் மாதம் சென்னைக்குக் குடிவருகிறோம். எனக்கு வேலை கிண்டியில். மகள் ஐந்தாம் வகுப்பு போகிறாள், அம்மாவும் எங்களோடு வருகிறார். வாடகை 18,000 வரை தர முடியும்.

மின்சார ரயிலில் போய்வரலாம் என்று குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை முடிச்சூரில் ஒரு வீடு பார்த்தோம். நல்ல காற்று, கிணற்றுத் தண்ணீர், வாடகையும் குறைவு. ஆனால் பூசாத சுற்றுச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. கேட்டதற்கு, 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற அடையாளம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அடையாறு அந்தப் பக்கம்தானே ஓடுகிறது. அம்மாவுக்கு முட்டிவலி; தண்ணீர் ஏறினால் மாடிக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை.

அங்கே குடியிருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். இப்போதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது? அப்புறம், குரோம்பேட்டையில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் இந்த வாடகைக்கு இரண்டு படுக்கையறை வீடு கிடைக்குமா? கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்குமா? இந்த மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும்.