வெயில் ஏறினால் சோலார் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

உப்புக்காற்று:
வணக்கம். வீடு தங்கச்சிமடம், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. சிங்கிள் பேஸ், மாடியில் 3 கிலோவாட் ஆன்கிரிட் (ஈபி லைனோடு சேர்ந்து ஓடுவது) சோலார், பேட்டரி கிடையாது. போன ஆடி வரை ஒழுங்காக ஓடியது. இப்போது பதினொரு மணிக்கு மேல் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று நின்றுவிடுகிறது. தானாக வரும், மறுபடி நிற்கும். மாட்டிய பையன், "செட்டிங்கில் லிமிட்டை 280 ஆக்கிடலாம்ணே" என்கிறான். செய்யலாமா?

வயர்மேன்_மண்டபம்:
வேண்டவே வேண்டாம். அந்த வோல்டேஜ் பிரிட்ஜுக்கும் டிவிக்கும் சேர்த்துத்தான் போகும். விதிப்படி மேல் எல்லை 110 சதவீதம், 230க்கு 253 வரும். இன்வெர்ட்டரை (சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) நிறுத்திவிட்டு மீட்டர் பக்கத்தில் எத்தனை வோல்ட்? ஓடும்போது எத்தனை? அப்புறம், ராத்திரி இஸ்திரிப் பெட்டி போட்டால் லைட் மங்குகிறதா?

உப்புக்காற்று:
நிறுத்தினால் 240. நிற்பதற்குச் சற்று முன் 12 ஆம்பியரில் 255. லைட் மங்குகிறது! பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

வயர்மேன்_மண்டபம்:
இரண்டும் ஒரே நோய்தான் அண்ணே. வழியில் எங்கேயோ ரெசிஸ்டன்ஸ் (கரண்டுக்குத் தடை) ஏறியிருக்கிறது. ராத்திரி கரண்ட் உள்ளே வரும்போது வோல்டேஜ் இறங்கும், பகலில் வெளியே போகும்போது ஏறும். 240க்கும் 255க்கும் வித்தியாசம் 15 வோல்ட், அதை 12 ஆம்பியரால் வகுத்தால் தடை 1.25 ஓம். கம்பம் வாசலிலேயே இருந்தால் இது ரொம்ப அதிகம். அதே நேரம் பக்கத்து வீட்டில் எவ்வளவு என்று பாருங்கள்.

உப்புக்காற்று:
பார்த்தேன், 241.

வயர்மேன்_மண்டபம்:
அப்போ லைனில் குறை இல்லை, கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரில்தான். கம்பத்தில் அலுமினியக் கம்பியும் செம்பு வயரும் சேரும் இடம் நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். நியூட்ரலையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏறாதீர்கள், அது ஈபி வேலை. லைன்மேன் வந்ததும் சோலாரின் ஏசி பிரேக்கரை இறக்கிவிடுங்கள். லைன் போனால் இன்வெர்ட்டர் தானாக நிற்கும்தான், இருந்தாலும் மேலே நிற்பது ஒரு மனுஷன்.

உப்புக்காற்று:
இன்று வந்தார்கள். நியூட்ரல் வயரை முறுக்கிச் சேர்த்திருந்த இடம் வெள்ளையாகப் பூத்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வெட்டிவிட்டு அலுமினியம்-செம்பு இரண்டுக்குமான கனெக்டர் போட்டார்கள். மதியம் 244, ஒரு தடவைகூட நிற்கவில்லை. நன்றி தம்பி.

தொண்டிக்காரன்:
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் சோலாரை அணைத்தாலும் 256, பக்கத்து வீட்டிலும் அப்படியே.

வயர்மேன்_மண்டபம்:
அது ஜாயின்ட் இல்லை. டிரான்ஸ்பார்மர் டேப்பை (வெளியே வரும் வோல்டேஜை ஏற்றி இறக்கும் அமைப்பு) கூடுதலாக வைத்திருக்கலாம். காலை, மதியம், ராத்திரி அளவுகளைக் குறித்து, அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.