தையல் வகுப்பை இணையப் பாடமாக்குகிறேன்: ஆறாவது பாடத்தோடு யோசனை நின்றுவிட்டது, உதவுங்கள்

ஊசிநூல்:
அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் 14 வருடங்களாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன். நேரில் வர முடியாத பெண்களுக்காக, ஜாக்கெட் தைப்பதை மட்டும் 24 பாடங்களாக இணையத்தில் கொடுக்க ஆசைப்பட்டேன். ஆறு பாடங்கள் படம்பிடித்தாகிவிட்டது. ஒவ்வொன்றும் 40 நிமிடம். இயந்திரத்தின் பாகங்கள், ஊசி நூல் வகைகள், துணி வகைகள், அளவெடுப்பது என்று வரிசையாகப் போகிறது.

தெரிந்தவர்கள் 11 பேருக்கு அனுப்பிப் பார்த்தேன். மூன்றாவது பாடத்தைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். புதிதாக ஏதாவது தோன்றட்டும் என்று மற்றவர்களின் தையல் பாடங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். முப்பது, நாற்பது பார்த்திருப்பேன். பார்க்கப் பார்க்க, நான் சொல்ல வந்ததே மங்கிப்போனது. ஏழாவது பாடத்துக்கு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வகுப்பில் நேரில் நிற்கும்போது ஒருநாளும் இப்படி ஆனதில்லை. எங்கிருந்து யோசனை எடுப்பது?

கரும்பலகை:
வணக்கம் அம்மா. நான் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஒரே ஒரு கேள்வி. உங்கள் மாடிக்கு ஒரு பெண் முதல் நாள் வரும்போது, இயந்திரத்தின் பாகங்களையா சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

ஊசிநூல்:
இல்லை ஐயா. பெரும்பாலும் சரியாக அமையாத ஜாக்கெட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அதை உடுத்திக் காட்டச் சொல்வேன். போன மாதம் ஒரு பெண் வந்தார். கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் கூடவே மேலே ஏறுகிறது, கைக்குழி (கைத்துணி இணையும் வளைவு) பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டேன், அப்புறம் மோசமாகிவிட்டது என்றார். உண்மையில் கைக்குழி ஆழமாக இறங்கிவிட்டதுதான் சிக்கல். குழி அக்குளை ஒட்டி மேலே இருந்தால்தான் கை தனியாக அசையும். கீழே இறங்க இறங்க, கை உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். வெட்டிய துணியை மறுபடி ஒட்ட முடியாது, அக்குளில் சிறு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். வகுப்பில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

கரும்பலகை:
அம்மா, இதோ உங்கள் முதல் பாடம்! இதைப் படித்ததும் தையலே தெரியாத நான் என் சட்டையின் கைக்குழியைத் தொட்டுப் பார்த்தேன்.

1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக ஆறு விரிவுரைகள் நடத்தினார். பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அது எப்படி எரிகிறது என்று தொடங்கி, நீர், ஹைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு, நாம் விடும் மூச்சு வரை கொண்டுபோய்விட்டார். வேதியியலின் உறுப்புகளை அவர் வரிசையாக அடுக்கவில்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்தார், அதைக் கேள்வி கேட்டார். உங்களுக்கு அந்த மெழுகுவர்த்தி, ஓர் அளவு ஜாக்கெட். அதைப் பிரித்துப் போடுங்கள். தோள், கைக்குழி, கழுத்து, டார்ட் (உடம்பு வடிவத்துக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல்), கொக்கிப் பட்டி என்று ஒவ்வொன்றும் தனக்குரிய கேள்வியைக் கொண்டுவரும்.

மற்றவர்களின் பாடங்களைக் கொஞ்ச நாள் பார்க்காதீர்கள். அவர்கள் விடை சொல்லும் முறைதான் அதில் இருக்கிறது, உங்கள் மாணவிகளின் கேள்வி அதில் இல்லை. 14 வருடங்களில் மாணவிகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள், அவர்கள் சொன்ன சொற்களிலேயே. நான் விடைத்தாள் திருத்தும்போது அப்படித்தான் தவறுகளைக் குறித்துவைப்பேன். அடுத்த வருடப் பாடம் அதிலிருந்துதான் பிறக்கும்.

மருதாணி:
அக்கா, கற்றுக்கொள்பவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். குழந்தை தூங்கும் நேரத்தில்தான் கைப்பேசியை எடுப்பேன். 40 நிமிடம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. இன்னொன்று, பலர் கேமராவை எதிரில் வைக்கிறார்கள். துணி தலைகீழாகத் தெரிகிறது, கத்தரி என் பக்கம் வருகிறது. மனதுக்குள் திருப்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் அடுத்த வெட்டுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள், உங்கள் கை இருக்கும் இடத்தில் என் கை இருப்பது போலத் தெரியும். முகம்கூட வேண்டாம், கை தெரிந்தால் போதும்.

நல்ல துணியை வெட்டப் பயம். முதலில் செய்தித்தாளில் வெட்டச் சொல்லுங்கள்.

படத்தொகுப்பு:
கல்லூரி ஒன்றுக்கு இணையப் பாடங்களைத் தொகுத்துக் கொடுக்கிறேன். மருதாணி சொன்ன நேரக் கணக்கு சரி. எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் நான்கு பாடத்திட்டங்களின் காணொளிகளை 69 லட்சம் முறை பார்த்த பதிவுகளை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு நிமிடத்துக்கு உட்பட்டவற்றைத்தான் மாணவர்கள் அதிகம் பார்த்து முடித்தார்கள். பெரும் செலவில் ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து இயல்பாகப் பேசியது அதிகம் எடுபட்டது. அவை பல்கலைக்கழகப் பாடங்கள், கைத்தொழிலுக்கு அந்த ஆறு நிமிடத்தை அப்படியே அளவாக வைக்க வேண்டியதில்லை. ஒரு வெட்டு, ஒரு தையல் முடியும் இடத்தில் நிறுத்துங்கள்.

கரும்பலகை ஐயாவிடம் ஒரு சிறு மாறுபாடு. முதல் பாடம் மாறினாலும், எடுத்த ஆறு பாடங்களையும் அழிக்க வேண்டாம். நூல் அடிக்கடி அறுகிறது என்று ஒருவர் வரும் நாளில், இயந்திரப் பாடத்திலிருந்து அந்த மூன்று நிமிடத்தை வெட்டிக் கொடுக்கலாம்.

கரும்பலகை:
ஏற்றுக்கொள்கிறேன். தேவைப்படும் நேரத்தில் வந்தால் பாகங்களின் பெயர்கூடச் சுவைக்கும்.

ஊசிநூல் (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. இன்று நிறைந்த மனதோடு எழுதுகிறேன். என் பழைய அளவு ஜாக்கெட் ஒன்றைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டாக மேசையில் பரப்பினேன். பழைய மடிப்புக் கோடுகளும் ஊசித் துளைகளும் அப்படியே இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நோட்டில் 31 கேள்விகள் எழுதிவிட்டேன்.

முதல் பாடம் அந்த ஆழமான கைக்குழிதான். ஏழு நிமிடம், தோளுக்குப் பின்னாலிருந்து, மகன் நாற்காலி மேல் நின்று எடுத்தான். முடிவில், செய்தித்தாளில் கைக்குழியை வெட்டிப் படம் அனுப்பச் சொன்னேன். பாதியில் நிறுத்திய 9 பேருக்கும் அனுப்பினேன். ஆறு பேரிடமிருந்து படம் வந்துவிட்டது. அதில் நான்கு பேர் முன்பக்கக் குழியையும் பின்பக்கக் குழியையும் ஒரே வளைவில் வெட்டியிருந்தார்கள். முன்பக்கம் சற்று உள்வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, வகுப்பில் கை தானாகக் காட்டிவிடும் என்பதால் சொல்லத் தோன்றியதே இல்லை. அதுதான் இரண்டாவது பாடம்.

நேற்று ஒருவர், துவைத்த பிறகு ஜாக்கெட் உள்ளே சுருங்கி வெளியே சுருக்கம் விழுகிறது என்று கேட்டிருக்கிறார். பருத்தி லைனிங்கை (உள்துணியை) நனைத்துக் காயவைக்காமல் வெட்டியிருப்பார். ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மட்டும் இப்போது வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன். காலையில் காய்ந்ததும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படம்பிடிக்கப் போகிறேன்.