அம்மாவின் முறுக்குப் பை: டிசைன் வந்துவிட்டது, பார்த்துச் சொல்லுங்கள்

முறுக்குக்காரி மகள் (சுங்கை சிப்புட்):

வணக்கம். அம்மா வருடா வருடம் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு, சிவப்பு மூடி டப்பாவில் போட்டுத் தெரிந்தவர்களுக்கு விற்பார். இந்த வருடம் எங்கள் மளிகைக் கடைக்காரர், “மாசா மாசம் குடும்மா, நான் விக்கிறேன். ஆனா லேபிள் ஒழுங்கா இருக்கணும்” என்றார். சரி என்று கோலாலம்பூரில் ஒரு டிசைனரிடம் 450 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து லோகோவும் பையும் செய்யச் சொன்னேன்.

வந்தது இதுதான். பழுப்புக் காகிதப் பை, மேலே ஜிப், முறுக்கு தெரிய நடுவில் ஒரு சன்னல். எழுத்தெல்லாம் கரும்பழுப்பு. லோகோவில் ஒரு பால்மரம், அதாவது ரப்பர் மரம், அதில் பால் வடிய ஒரு வெட்டு, கீழே பால் பிடிக்கும் மங்கு. அம்மா 31 வருடம் ரப்பர் தோட்டத்தில் மரத்தில் வெட்டுப் போட்டுப் பால் எடுத்தவர், அதனால் மரம் வேண்டும் என்று கேட்டது நான்தான்.

எனக்குப் பிடித்திருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “யாரு இந்த மரத்த வெட்டுனது? கங்காணி பாத்திருந்தா அன்னிக்குப் பேரு விழுந்திருக்காது” என்றார். பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வெட்டு வலது மேலிருந்து இடது கீழாக இறங்குகிறதாம். டிசைனரிடம் சொன்னால், “அப்படி இருந்தால்தான் பார்க்க அழகு, யாருக்கும் தெரியாது” என்கிறார். அம்மா விடுவதாக இல்லை. மாற்றச் சொல்லட்டுமா? வேறு என்ன கோளாறு இருக்கிறது? முன்பக்கம் பின்பக்கம் இரண்டின் படமும் இணைத்திருக்கிறேன்.

ரவாங் கடைக்காரர்:

தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. முதலில் பார்த்ததும் தேங்காய்ப்பால் பாக்கெட் என்று நினைத்தேன். மரம், சொட்டும் வெள்ளை, கீழே ஒரு கிண்ணம். முறுக்கு என்று படிக்கவே நேரம் பிடித்தது.

அச்சுக்கூட அண்ணன் (ஈப்போ):

அம்மா சொல்வது சரி. என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். மரத்துக்கு நேராக நின்றால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை, வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஏறும். அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். உங்கள் டிசைனர் எங்கேயோ எடுத்த படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டிருக்கிறார் போல. திரும்பத் திருப்புவது ஒரு நொடி வேலை. யாருக்கும் தெரியாதாம்! சுங்கை சிப்புட்டில், கோலகங்சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு? 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றை அங்கே இன்னும் வேலி கட்டி வைத்திருக்கிறார்கள், டிசைனரை ஒருநாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

ஆனால் எனக்குப் பெரிய குறை மரம் இல்லை. பெயரைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘கொ’ வர வேண்டிய இடத்தில் முதலில் ஒரு ‘க’, அதற்குப் பிறகு கொம்பு தனியாக நிற்கிறது. ‘முறுக்கு’ என்பதில் புள்ளி ‘க்’ மேல் இல்லாமல் பக்கத்தில் நகர்ந்து கிடக்கிறது. தமிழ் தெரியாதவர் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் வரும். பத்தி அமைப்பில் எழுத்துகளைக் கோக்கும் கம்போசர்களில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். நீங்களே பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது கலையாத வடிவமாக மாற்றி, அச்சுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். முறுக்கு நொறுங்கினால் பரவாயில்லை, எழுத்து நொறுங்கக் கூடாது.

அப்புறம் பார்கோடு. பழுப்புத் தாளில் செம்பழுப்புக் கோடு போட்டிருக்கிறார். ஸ்கேனரின் வெளிச்சம் சிவப்பு. சிவப்பு கலந்த மை அதற்கு வெள்ளை மாதிரித்தான் தெரியும், கல்லாவில் பீப் வராது. வெள்ளைக் கட்டம் போட்டுக் கறுப்புக் கோடு போடுங்கள். பையின் மடிப்பில் இருந்தும் தள்ளி வையுங்கள். 955-ல் தொடங்கும் அந்த எண்ணைப் பார்கோடு எண் கொடுக்கும் ஜிஎஸ்1 மலேசியா அமைப்பில் நீங்கள் வாங்கினீர்களா, இல்லை அவராகப் போட்டாரா?

சன்னலையும் யோசியுங்கள். எண்ணெய்ப் பண்டத்தில் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். உள்ளே அலுமினியப் பூச்சு உள்ள பையில் சன்னல் இல்லாமல் போட்டு, முன்னால் ஒரு நல்ல முறுக்குப் படம் போதும். முதலிலேயே அச்சடித்த பைக்குப் போகாதீர்கள். நிறத்துக்கு ஒரு அச்சு சிலிண்டர் செலவு, குறைந்தது ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். வெறும் பையில் ஸ்டிக்கர் ஒட்டி மூன்று மாதம் விற்றுப் பாருங்கள்.

ரவாங் கடைக்காரர்:

பின்பக்கம் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம். 1985 உணவு விதிமுறைப்படி இங்கே தயாரித்த பண்டத்துக்கு மலாய் மொழி கட்டாயம். சேர்த்த பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக வர வேண்டும், நிகர எடையும் முகவரியும் வேண்டும். தமிழ் கூட இருக்கலாம். மூலையில் ஹலால் முத்திரை எப்படி வந்தது? ஜாக்கிம் (அரசு இஸ்லாமிய வளர்ச்சித் துறை) போன்ற அதிகாரம் பெற்ற அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் அதைப் போட்டால் குற்றம், அபராதம் கட்டி மாளாது. இன்றைக்கே எடுத்துவிடு.

முறுக்குக்காரி மகள்:

அய்யோ, முத்திரை அவராகவே போட்டது. “எல்லா பாக்கெட்டிலும் இருக்கே” என்றார்! எண்ணும் அவராகப் போட்டதுதானாம். இரண்டையும் எடுத்தாயிற்று.

அச்சுக்கூட அண்ணன்:

நல்லது. இன்னொன்று. டிசைனை போனில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். கறுப்பு வெள்ளையில் அச்சடித்து ஒரு பையில் ஒட்டி, அந்தக் கடை அலமாரியில் மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவில் வையுங்கள். ஆறடி தள்ளி நின்று பாருங்கள், முதலில் எது கண்ணில் படுகிறதென்று.

முறுக்குக்காரி மகள்:

சனிக்கிழமை செய்து பார்த்தேன். ஆறடியில் மரமும் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை. சன்னலில் இருந்த முறுக்கு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் வந்த ஒரு பாட்டி, “இது என்னம்மா, மசாலாவா?” என்று கேட்டார். அதோடு முடிவு செய்தேன். முன்னால் ‘முறுக்கு’ என்ற சொல் பெரிய தடித்த எழுத்தில், சிவப்பில், கூடவே ஒரு முறுக்குப் படம். அம்மாவின் டப்பா மூடியும் சிவப்புத்தானே, பழைய வாடிக்கைக்காரர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும். மரம் சின்னதாகப் பின்பக்கம் போகிறது.

வெட்டையும் திருப்பியாகிவிட்டது. அம்மா மறுபடி கண்ணாடி மாட்டினார். இப்போது மங்கு ரொம்ப உயரத்தில் கட்டியிருக்கிறது என்கிறார்.