எல்லாக் கட்சியும் உட்காரும் மேசை: டர்பன் நகர மன்றக் குழுக்களில் நீங்கள் கண்டது என்ன?

சாட்ஸ்வொர்த், கோவில் செயலாளர்

இந்தத் தென்னாப்பிரிக்காவில் தமிழில் எழுதுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் எத்தனை பேர் நகர மன்றத்துக் குழு அறைக்குள் போய் உட்கார்ந்திருப்பீர்களோ தெரியவில்லை. போனவர்கள் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஆண்டு, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் கோவிலுக்குச் சொத்துவரிக் கணக்கு வந்தது. இங்கே அதை எல்லாரும் 'ரேட்ஸ்' என்றுதான் சொல்வோம். பொருளாளர் அந்தக் காகிதத்தைக் கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அம்மனுக்கே பில் அனுப்பிவிட்டார்கள்" என்றார். ஆடிக் கூழுக்கு ஒதுக்கியிருந்த பணத்தைப் போலப் பல மடங்கு தொகை.

வழிபாட்டு இடங்களுக்கு வரி கிடையாது என்று 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்துவரிச் சட்டம் சொல்வது எங்களுக்குத் தெரியும். அதே பிரிவின் மறுபாதியை நாங்கள் ஒருவரும் படித்ததில்லை. இடம் அந்த வழிபாட்டுச் சமூகத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். முதன்மையாக வழிபாட்டுக்கே பயன்பட வேண்டும். எங்கள் பத்திரமோ ஒரு பழைய தர்மகர்த்தாவின் பெயரில் இருந்தது. அவர் காலமாகி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், இன்னொருவர் கோவில் நிர்வாகத்தோடு பேசுவதில்லை. பேசாததற்கான காரணத்தை எழுதினால் அது தனிக் கதையாகிவிடும். ஆக, தவறு எங்களுடையது.

நேராக வார்டு கவுன்சிலரிடம் போனோம். திருவிழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு, பந்தியில் கடைசி வரை உட்கார்ந்திருக்கும் மனிதர். அவர் கையை விரித்துவிட்டார். "அம்மா, மன்றத்தில் நாங்கள் 222 பேர். 111 பேர் வார்டிலிருந்து, 111 பேர் கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதப்படி கட்சிப் பட்டியலிலிருந்து. உங்கள் விஷயம் நிதிக் குழுவுக்குப் போகும். நான் அதில் இல்லை." கவுன்சிலர் என்றால் வார்டுக்கு ராஜா என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்த அமைப்பை உட்கார்ந்து புரிந்துகொண்டேன். டர்பன் உள்ளடங்கிய இத்தெக்வினி மாநகரில் வென்ற கட்சி மட்டும் அமைச்சரவை அமைத்து ஆள்வதில்லை. பத்துப் பேர் கொண்ட செயற்குழு இருக்கிறது. மன்றத்தில் ஒரு கட்சிக்கு எவ்வளவு பலமோ, ஏறக்குறைய அந்த விகிதத்தில் அங்கே நாற்காலி. மேயர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்தான். அதன் கீழே உள்ள குழுக்களிலும் இதே பங்கீடு. கட்சிகளுக்கு நியாயமான இடம் தர வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது.

நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை அதற்குத் தொண்ணூறு நாள் முன்பே மன்றத்தில் வைத்தாக வேண்டும். வரிக் கொள்கையும் அதோடு மறுஆய்வுக்கு வரும், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். பத்திரம் மாற்றி முடியும் வரை சலுகை வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். அதை எங்கள் வீட்டில் எல்லாரும் ஓட்டுப் போடும் கட்சியின் உறுப்பினருக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். எங்கள் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் ஒருவருக்கு மட்டும் இலை போடுவாயா?" அன்றே நகல் எடுக்கும் கடைக்கு ஓடினேன். என் அண்ணன் வீட்டுக்குள் பெயரைக்கூடச் சொல்ல விடாத கட்சிகளுக்கும் ஒவ்வொரு பிரதி போனது.

குழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். எங்கள் விஷயம் வந்ததும் எங்கள் கட்சிக்காரர் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுவைப் பிரித்துப் பேசியவர், நகரின் மேற்குப் பக்கத்து வார்டைச் சேர்ந்த ஒரு ஜூலு அம்மா. எங்கள் தெருவில் அவருடைய கட்சிக்கு ஓட்டே கிடையாது. அவர் வார்டில் சின்னச் சின்ன தேவாலயங்கள் இருக்கின்றனவாம். நிலம் இறந்துபோன போதகர்களின் பெயரிலேயே கிடக்கிறதாம். அடுத்து ஒருவர் ஒரு பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னார். இருபது நிமிடம் எங்கள் கோவிலின் பெயரை யாரும் எடுக்கவில்லை, ஆனால் பேசியதெல்லாம் எங்கள் விஷயம்தான். எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு தர்மகர்த்தா இருந்திருக்கிறார்!

சலுகை உடனே கிடைத்துவிடவில்லை. அதிகாரிகள் அறிக்கை தர வேண்டும், அடுத்த கொள்கை மறுஆய்வில் பார்க்கலாம் என்று முடிந்தது. அதற்குள் பதினான்கு மாதம் அலைந்து பத்திரத்தை மாற்றிவிட்டோம். வழக்கறிஞருக்குக் கொடுத்தது அந்த பில்லைவிட அதிகம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

செயலாளர் அம்மாவுக்கு வணக்கம். உங்கள் பின்வரிசையைப் படித்தபோது எனக்கு வேறொரு பின்வரிசை நினைவுக்கு வந்தது.

என் தந்தை டர்பன் நகராட்சியில் தெருக் கூட்டும் வேலை பார்த்தார். மேகசீன் பேரக்ஸில்தான் பிறந்தேன். நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். 1960களில் அதை இடித்துவிட்டு எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். நகரம் முழுவதையும் கூட்டியவருக்கு அந்த நகரத்தில் ஓட்டு இல்லை. டர்பன் அடங்கிய நேட்டால் மாகாணத்தில் இந்தியர்களின் நகராட்சி வாக்குரிமையை 1924லேயே பறித்துவிட்டார்கள்.

பின்னாளில் இந்தியப் பகுதிகளுக்கு 'உள்ளூர் விவகாரக் குழு' என்று ஒன்று வைத்தார்கள். ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். முடிவு வெள்ளையர் மன்றத்துக்கு. ஒரு நாள் மாலை அப்படி ஒரு கூட்டத்துக்குப் பார்வையாளனாகப் போனேன். ஒரு பஸ் நிழற்குடை வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி, பரிந்துரை நிறைவேற்றினார்கள். எப்போது வரும் என்று எழுந்து கேட்டேன். "கடிதம் எழுதுவோம் வாத்தியாரே" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான். எங்கள் மக்களில் பலர் அந்தக் குழுக்களைப் புறக்கணித்தார்கள், அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

எல்லா இனத்தவரும் சேர்ந்து ஓட்டுப் போட்ட முதல் உள்ளாட்சித் தேர்தல் எங்கள் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 1996 ஜூன் 26 அன்று நடந்தது. பெரும்பாலான மாகாணங்களில் முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இங்கே வன்முறையும் இழுபறியுமாகத் தள்ளிப்போனது. ஒருவர் தலையை ஒருவர் எடுக்கத் துடித்த கட்சிகள் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்த மாகாணம் இது. இந்தக் கூட்டு ஏற்பாடு ஏன் இங்கே வேரூன்றியது என்று கேட்பவர்களுக்கு அந்த ஆண்டுகளின் செய்தித்தாள்களைக் காட்டுவேன். ஓட்டுப் போடப் போனபோது அப்பாவின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வரிசை நீளம். பக்கத்தில் நின்றவர் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

ஒரு நகராட்சியில் குழு எழுத்தராக இருந்தவர்

எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். பத்தொன்பது ஆண்டுகள் குறிப்பெடுத்திருக்கிறேன்.

அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். குழுவால் எல்லாவற்றையும் முடிவு செய்ய இயலாது. துணைவிதி இயற்றுவது, பட்ஜெட், வரி, கடன் ஆகிய நான்கும் முழு மன்றத்திலேயே நிறைவேற வேண்டும். அன்று வந்திருப்பவர்களில் பெரும்பான்மை என்பது போதாது; மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 222 பேர் என்றால் 112 ஓட்டு. 2021 தேர்தலில் டர்பனில் மிகப் பெரிய கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்குக் கிடைத்தது 96. இன்னும் 16 பேரை எங்கே பிடிப்பது? அந்தப் பேரம் மன்றத்தில் நடப்பதில்லை, அதற்கு முன்பே குழுக்களில் நடந்து முடிந்துவிடுகிறது. ஒன்றிரண்டு இடம் வைத்திருக்கும் குட்டிக் கட்சிக்காரர் குழுவில் இருமினாலும் எல்லாரும் தண்ணீர் நீட்டுவார்கள்.

குழுக்களில் இரண்டு வகை. நகராட்சி அமைப்புச் சட்டத்தின் 79ஆவது பிரிவின்படி மன்றமே அமைப்பது ஒன்று. 80ஆவது பிரிவின்படி செயற்குழுவுக்கு உதவ அமைப்பது மற்றொன்று. இரண்டாவது வகைக்குத் தலைவர் செயற்குழுவிலிருந்து வருவார். இவை தவிர, செலவுகளைத் தோண்டிப் பார்க்கும் பொதுக்கணக்குக் குழு. அதில் மேயரோ செயற்குழு உறுப்பினரோ இருக்கக் கூடாது என்று 2021இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் எழுதியே வைத்துவிட்டது. அந்த அறைக்குள் அதிகாரிகள் நுழையும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள்.

இனி என் கண்ணால் கண்டது. நிருபர்கள் இருக்கும் நாளில் இரண்டு கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டிக் கத்துவார்கள். நிருபர் போன பிறகு, சமோசா தட்டு வரும்போது, அதே இருவரும் ஜன்னலோரம் நின்று "அந்த ஏழாவது பத்தியில் 'செய்ய வேண்டும்' என்பதை 'செய்யலாம்' என்று மாற்றினால் எங்கள் பக்கம் சம்மதம்" என்பார்கள். நான் பத்தியைத் திருத்துவேன். அடுத்த வாரம் அது ஒருமனதாக நிறைவேறும். இதைக் கள்ள உறவு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் சாக்கடையும் தெருவிளக்கும் அந்த ஜன்னலோரத்தில்தான் கிடைத்தன.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். விருப்பமில்லாத விஷயம் வந்தால் ஒரு தரப்பு எழுந்து போய்விடும், கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை, இல்லாமல் கூட்டம் கலையும். ஒரே மனு நிகழ்ச்சி நிரலில் ஐந்து மாதம் வந்து வந்து போனதை எழுதியிருக்கிறேன். ஐந்தாம் மாதம் மனுதாரர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். முதல் மாதம் நடந்து வந்தவர்.

லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்

நீங்கள் எல்லாரும் இந்தப் பொதுப் பந்தியைப் புகழ்கிறீர்கள். எனக்கு அவ்வளவு மயக்கம் இல்லை.

எங்கள் ஊரில் நிர்வாக மேயர் முறை. மேயர் தமக்கு வேண்டியவர்களைப் பொறுக்கித் தம் குழுவை அமைத்துக்கொள்வார். கூட்டணி கலைந்தால் கூண்டோடு போய்விடும். 2021 தேர்தலில் வந்த மேயர் 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டார், அக்டோபரில் நீதிமன்றத்தால் திரும்பி வந்தார், 2023 ஜனவரியில் மறுபடி நீக்கப்பட்டார். அடுத்து வந்தவரின் கட்சிக்கு 270 இடங்களில் மூன்றே இடம். அவரும் ஏப்ரலில் விலகிவிட்டார். எங்கள் தெருச் சங்கத்தில் ஒரு சாலைக் குழிக்காக எழுதிய கடிதத்தில் பெறுநர் பெயரை மூன்று முறை மாற்றினோம். குழி மாறவில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்வேன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைத் திட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் மேசையில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட பிறகு யாரைக் கேட்பீர்கள்? "நாங்கள் குழுவில் எதிர்த்தோம்" என்று எல்லாரும் சொல்வார்கள். யார் எதிர்த்தார் என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

குழு எழுத்தராக இருந்தவர்

லெனேசியா நண்பருக்கு: குறிப்பேட்டைப் பாருங்கள். எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லி யாராவது கேட்டிருந்தால் நான் எழுதியிருப்பேன். கேட்டவர்கள் மிகக் குறைவு. வெளியே வந்து எதிர்த்தோம் என்றவர்கள் மிக அதிகம்.

டொங்காட், டர்பன்

எனக்குப் பெரிய குழு அனுபவம் இல்லை, வார்டு குழுதான். கவுன்சிலர் தலைவர், அவரைத் தவிர அதிகம் போனால் பத்துப் பேர்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்க் குடிநீர் நிலையம் சிதைந்தது. மாதக்கணக்கில் லாரித் தண்ணீர். லாரி எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று முடிவு செய்ய உட்கார்ந்தோம். கட்சிச் சண்டை வரும் என்று பயந்தேன், வந்ததோ மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்குமான சண்டை. ஒரே கட்சிச் சட்டை போட்ட இருவர் வாளியை ஓங்கிவிட்டார்கள். கடைசியில் முதியோர் இல்லம் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று ஒரு பாட்டி சொன்னார். எங்கள் பகுதிக்கு மூன்றாவதாகத்தான் லாரி வந்தது. பொறுத்துக்கொண்டோம்.

சாட்ஸ்வொர்த், கோவில் செயலாளர்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அந்த நிழற்குடை கடைசியில் வந்ததா என்று சொல்லவே இல்லையே.

லெனேசியா சகோதரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் கட்சிக்காரர் அன்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது நான் அறைக்குள் இருந்ததால்தான். வீட்டில் இருந்திருந்தால் அவர்தான் பேசினார் என்று நம்பியிருப்பேன். அவரும் அப்படித்தான் கோவிலில் வந்து சொன்னார்.

தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கு: அந்த ஜூலு அம்மாவின் கட்சி எது என்று சொல்ல மாட்டேன். ஆடிக் கூழுக்கு அழைத்தோம், நான்கு பெண்களோடு வந்தார், உப்புக் குறைவு என்றார். குறைவுதான். மனுவைப் பத்தொன்பது நகல் எடுத்தேன், இரண்டு மிச்சம் இருக்கின்றன. அடுத்த தேர்தலுக்குப் பிறகு அந்த மேசையில் யார் யார் உட்காருவார்களோ, பெயர்களை மட்டும் திருத்த வேண்டியிருக்கும்.