காலைக் குளிரில் மட்டும் ரிமோட் ஸ்ராட்டர் பிடித்து உடனே நின்றுவிடுகிறது – வயரிங்கில் எங்கே பிழை?

ஸ்காபரோ விடியல்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2010 கொரோலா, ஓட்டோமற்றிக், சாதாரண திறப்பு. டிசம்பரில், வீட்டுக்குள் இருந்தே எஞ்சினை இயக்கும் ஒரு ரிமோட் ஸ்ராட்டரும், திறப்பு இல்லாமலே காரின் திருட்டுத் தடுப்பை ஏற்கவைக்கும் பைபாஸ் மொடியூலும் வாங்கி, மச்சானும் நானுமாக ஒரு ஞாயிறு முழுக்க இருந்து பூட்டினோம்.

மத்தியானத்தில் அழுத்தினால் ஒரே தடவையில் இயங்குகிறது. விடிய ஐந்தரைக்கு, குளிர் மைனஸ் 12க்குக் கீழே போன நாட்களில், எஞ்சின் ஒரு மூச்சு எடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. அப்புறம் தானாகவே இன்னும் இரண்டு தடவை முயலும். சில நாள் மூன்றாவதில் பிடிக்கும், சில நாள் கைவிட்டுவிடும். திறப்பைப் போட்டுத் திருகினால் உடனே ஸ்ராட் ஆகிறது.

அம்மாவை வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். அவ குளிர்ந்த காருக்குள் ஏறி நடுங்குவதைப் பார்க்க முடியாமல்தான் இதைப் பூட்டினேன். இணைப்புகள் எல்லாம் பெட்டியோடு வந்த, வயரின் மேல் அமுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகள். பைபாஸை மாற்ற வேண்டுமா?

எட்மண்டன் வயர்க்காரன்:
வணக்கம். எட்டு வருடம் கார் ஆடியோ கடையில் இதே வேலை பார்த்தவன். பைபாஸை இப்போதைக்குத் தொடாதீர்கள். 2007 செப்டம்பர் 1க்குப் பிறகு கனடாவில் விற்ற புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) கட்டாயம் என்பதால், எல்லோரும் முதலில் பைபாஸைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இம்மொபிலைசர் சாவியை ஏற்க மறுத்தாலும் சில வண்டிகளில் எஞ்சின் ஓரிரு விநாடி ஓடித்தான் நிற்கும். பைபாஸ் பிழையா வயரிங் பிழையா என்று பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள்.

ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் டேஷ்போர்டில் உள்ள செக்யூரிட்டி விளக்கு அணைகிறதா, மின்னுகிறதா? எஞ்சின் சுற்றும் வேகத்தைச் சொல்லும் டாக் வயரை இணைத்தீர்களா, இல்லை பேட்டரி வோல்டேஜை வைத்தே கணிக்கும் வோல்டேஜ் சென்ஸில் விட்டீர்களா? கிரவுண்டை (காரின் இரும்புடலில் சேரும் மைனஸ் வயரை) எங்கே கொடுத்தீர்கள்?

ஸ்காபரோ விடியல்:
விளக்கு அணைந்துவிடுகிறது அண்ணா. டாக் இணைக்கவில்லை, வோல்டேஜ் சென்ஸ்தான். கிரவுண்ட் டாஷுக்குக் கீழே பெயின்ற் அடித்த ஒரு பட்டையில், ஏற்கெனவே இருந்த ஆணியோடு. இன்னொன்று: மூன்று தடவை முயன்ற பிறகு பெரிய சிவப்பு வயரின் பியூஸ் கூடு கைக்குச் சூடாக இருக்கிறது.

எட்மண்டன் வயர்க்காரன்:
சூடா? அப்படியென்றால் முதலில் அந்த ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். இதைச் சரிசெய்யும் வரை சாவியிலேயே ஸ்டார்ட் பண்ணுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

விளக்கு அணைகிறது என்றால் பைபாஸ் வேலை செய்கிறது. உங்களிடம் இருப்பது இரண்டு பிழைகள், ஒன்றை ஒன்று பெரிதாக்குகின்றன.

சாவியைத் திருப்பும்போது எஞ்சின் பிடித்ததை உங்கள் காது சொல்கிறது, அதுவரை விடாமல் பிடிக்கிறீர்கள். ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்யூலுக்கு அந்தக் காது டாக் வயர்தான். அது இல்லாதபோது, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றி வோல்டேஜ் உயர்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்யும். மைனஸ் 18-ல் பேட்டரிக்குப் பாதி பலம்தான் இருக்கும், எண்ணெயும் கெட்டியாகிவிடும், வோல்டேஜ் மெதுவாகத்தான் ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை "ஓடவில்லை" என்று நினைத்து மாட்யூலே நிறுத்துகிறது. மதியத்தில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது பிழை அந்தக் கிளிப். அதன் தகடு வயரின் இழைகளை அறுத்துக்கொண்டு இறங்கி, மிச்சத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும். இக்னிஷன் சுவிட்ச் வயர்களில் ஹீட்டர் விசிறி, ஃபியூயல் பம்ப் எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் சாதாரணமாக ஓடும். இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போகும். 40 வாட் சூடு அந்தச் சின்ன பிளாஸ்டிக்குக்குள். தீ பிடிப்பது இப்படித்தான்.

அளந்து பாருங்கள். ஃபியூஸை ஒரே ஒரு முயற்சிக்கு மட்டும் திரும்பப் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முள் பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று மாட்யூலின் 12 வோல்ட் வயரில். ஒருவர் ரிமோட்டை அழுத்தட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை. அதேபோல் பேட்டரி மைனஸுக்கும் மாட்யூலின் கிரவுண்டுக்கும் நடுவே.

மொன்றியல் மாமா:
தம்பி, பிரிக்கத் தொடங்க முன்னம் பற்றரியின் மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் விடும். ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள மஞ்சள் உறை போட்ட வயர்கள் எயார்பாக்குடையவை, அவற்றைச் சுரண்டவும் வேண்டாம், மீற்றர் வைக்கவும் வேண்டாம். பல்ப் வைத்த டெஸ்ற் லாம்பால் வயர் தேடாதேயும், டேட்டா வயரில் பட்டால் கம்பியூட்டர் பழுதாகும்.

பொனெட் திறந்திருந்தால் ஸ்ராட் ஆக விடாத பொனெட் சுவிட்சும், பிறேக்கை மிதித்தால் ரிமோட் ஓட்டத்தை நிறுத்தும் பிறேக் வயரும் பூட்டினீரா? பலர் விட்டுவிடுவது பொனெட் சுவிட்சைத்தான். பெல்ற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் கை இருக்கும்போது வீட்டுக்குள் பிள்ளை ரிமோட்டை அழுத்தினால்? அதை நினைத்துப் பாரும். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் கார் நின்றால் ரிமோட்டைத் தொடவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் சரி. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, மேலே படுத்திருப்பவர்களுக்குத் தெரியாது.

ஸ்காபரோ விடியல்:
அளந்தேன். பிளஸ் பக்கம் 1.6 வோல்ட், கிரவுண்ட் பக்கம் 0.7! கிளிப்பைத் திறந்தால் பாதி இழை அறுந்து, பிளாஸ்டிக் உள்ளே பழுப்பாகிவிட்டது. பிறேக் வயர் பூட்டியிருக்கிறோம் மாமா. பொனெட் சுவிட்ச் இன்னும் பெட்டிக்குள்தான்.

எட்மண்டன் வயர்க்காரன்:
அறுந்த இடத்தைச் சும்மா டேப் சுற்றி மூடாதீர்கள். நல்ல செம்பு தெரியும் இடத்தில் சுற்றிச் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் உறை) போட்டு, அசையாதபடி கட்டுங்கள். கிரவுண்டுக்குப் பெயிண்டைச் சுரண்டி, வெற்று இரும்பில் தனி போல்ட், ரிங் டெர்மினல். மாட்யூலுக்கு வரும் 12 வோல்ட் வயர் இரண்டு இருந்தால் இரண்டையும் இணைக்க வேண்டும்.

டாக்குக்குத் தனி வயர் தேட வேண்டாம். பல பைபாஸ் மாட்யூல்கள் அதை டேட்டா வழியாகவே தரும், உங்கள் வண்டிக்கான வயரிங் தாளைப் பாருங்கள். இணைத்த பிறகு ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்யூலுக்கு டாக் சிக்னலைக் கற்றுக்கொடுக்க (அடையாளம் கண்டு பதியவைக்க) மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. திறந்த இடம், முன்னால் பின்னால் யாரும் வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை ஆனில் வைத்து கியரை டிரைவுக்கு மாற்றி, சாவியை ஆஃப் பக்கம் திருப்பி, ரிமோட்டை அழுத்துங்கள். பாதம் பிரேக்குக்கு நேர் மேலே தயாராக இருக்கட்டும். ஸ்டார்ட்டர் சுற்றவே கூடாது. சுற்றினால் அந்த மாட்யூலைக் கழற்றிவிட்டு இங்கே எழுதுங்கள்.

ஸ்காபரோ விடியல்:
எல்லாம் பிரித்து, சால்டர் வைத்து, மறுபடி பூட்டினோம். மச்சானும் நானும் இரவு பதினொன்று வரை. பைபாஸில் டாக் இருந்தது, நாங்கள்தான் அதைப் பார்க்கவே இல்லை. இப்போது பிளஸ் பக்கம் 0.2, கிரவுண்ட் 0.1 வோல்ட். டிரைவில் வைத்து அழுத்தினேன், அசையவில்லை. பொனெட் சுவிட்சும் பூட்டியாச்சு. பொனெட்டைத் திறந்து வைத்து அழுத்தினால் லைட் மட்டும் மின்னுகிறது.

இன்று விடிய மைனஸ் 17. முதல் தடவையிலேயே பிடித்தது, பியூஸ் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன், குளிராக இருக்கிறது. அம்மா ஏறியதும் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டா.