ஏ380: தப்பு விமானத்திலா, வாங்காதவர்களிலா?

கடலோர ரயில்:
போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கும் பக்கத்து இலை அண்ணைக்கும் வாக்குவாதம். ஏ380 ஒரு வெள்ளை யானையாம். எயார்பஸ் கம்பனி பெருமைக்காகக் கட்டிய விமானமாம். 251 விமானத்தைக் கொடுத்துவிட்டு 2021 டிசம்பரோடு அதன் கடையை மட்டும் மூடியதே அதற்குச் சாட்சியாம். அந்த நேரம் பாயாசம் வந்ததால் வாயை மூடிக்கொண்டேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

575 டன் வரை எடையோடு எழும்பும் இரண்டு தட்டு விமானம் அது. உள்ளே இருந்தால் ஏறுவதே தெரியாது, அவ்வளவு அமைதி. 2006இல் ஹம்பர்க்கில், அவசரத்தில் எல்லோரும் எவ்வளவு கெதியில் தப்பலாம் என்று சோதனை வைத்தார்கள். 16 கதவில் எட்டுத்தான் திறந்தது, இருட்டு வேறு. சிப்பந்திகளோடு சேர்த்து 873 பேரும் 78 விநாடியில் வெளியே வந்துவிட்டார்கள். விதி கேட்டது 90 விநாடி. இப்படி ஒரு விமானம் விலைபோகவில்லை என்றால் அது சந்தையின் கோளாறு. வரைந்தவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பழைய ஸ்பானர்:
தம்பி, பாயாசம் வந்தது உங்கள் நல்ல காலம். நான் டிரைஸ்டார் என்ற மூன்று எஞ்சின் விமானத்தின் காலத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கை கறுத்தவன். அதன் மூன்றாவது எஞ்சின் வாலில், உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் ஏறி வேலை செய்தவனிடம் எஞ்சின் எண்ணிக்கை கூடினால் நல்லது என்று சொல்லிப் பாருங்கள்.

ஏ380க்கு நாலு எஞ்சின். எண்ணெய், உதிரிப்பாகம், பரிசோதனை எல்லாம் நாலு மடங்கு. அது பறக்கத் தொடங்கும் முன்பே போயிங் 777-300ஈஆர் வந்துவிட்டது. அதன் ஜீஈ90 எஞ்சின் ஒன்றே 115,000 இறாத்தல் தள்ளும். இரண்டு எஞ்சினோடு சமுத்திரம் தாண்டலாம் என்று ஆன பிறகு மற்ற இரண்டுக்கும் யார் சம்பளம் கொடுப்பது?

கடலோர ரயில்:
நாலு எஞ்சின் இருந்ததால்தானே அண்ணை 2010 நவம்பர் 4ஆம் திகதி 469 பேர் உயிரோடு இறங்கினார்கள்? சிங்கப்பூரில் இருந்து சிட்னி போன, குவாண்டாஸ் கம்பனியின் ஏ380. ஓர் எஞ்சின் வெடித்துச் சிதறியும் சிங்கப்பூர் விமான நிலையத்துக்கே திரும்பி வந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

பழைய ஸ்பானர்:
முழுக் கதையையும் சொல்லுங்கோ. எஞ்சினுக்குள் ஓர் எண்ணெய்க் குழாய் சரியாகக் கடையப்படாமல் வெடிப்பு விட்டது. தீப்பிடித்து, சுழல்தட்டு உடைந்து, துண்டுகள் இறக்கையைத் துளைத்து வயர்களை அறுத்தன. இறங்கிய பிறகு பக்கத்து எஞ்சினை நிறுத்த முடியவில்லை. தீயணைப்புக்காரர் மூன்று மணி நேரம் தண்ணீரும் நுரையும் அடித்துத்தான் அது அணைந்தது. காப்பாற்றியது விமானிகளின் கையும், ஒன்று போனால் இன்னொன்று என்று கட்டிய கட்டமைப்பும். அந்தக் கட்டமைப்புக்கு நான் தொப்பி கழற்றுவேன், அது வேறு விஷயம்.

மொரட்டுவ மாணவி:
நான் இஞ்சினியரிங் படிக்கிறேன், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் எஞ்சினையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இறக்கையை ஒருவரும் பார்க்கவில்லையே?

ஏ380இன் இறக்கைப் பரப்பு 845 சதுர மீட்டர். 575 டன்னை அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 680 கிலோ. 777-300ஈஆருக்கு 351 டன், பரப்பு 437 அளவில். வகுத்தால் 800 கிலோ. அதாவது ஏ380இன் இறக்கைக்குச் சுமை போதாது. ஏனென்றால் அது இந்த விமானத்துக்கென்று மட்டும் அளவெடுத்த இறக்கை இல்லை. இன்னும் நீளமான ஏ380-900 என்று ஓர் அண்ணன் பின்னால் வருவான் என்று சேர்த்துத் தைத்தார்கள். அண்ணன் பிறக்கவே இல்லை. தம்பி அந்தத் தொளதொள சட்டையோடு கடைசி வரை பறந்தான். காலியாகவே 277 டன் அளவில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, விமான நிலையங்களுக்காக 80 மீட்டர் பெட்டிக்குள் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. இறக்கை முனைக்கு முனை 79.8 மீட்டர். அதற்கு மேல் நீட்ட வழியில்லாததால் பரப்பை அகலத்தில் எடுத்தார்கள். குட்டையாக அகன்ற இறக்கைக்குக் காற்றின் இழுவை கூடும், எரிபொருளும் கூடும். போயிங் 777எக்ஸுக்கு நுனியை மடித்து வைத்தார்களே, அதே தலையிடிக்கு வேறு மருந்து.

கடலோர ரயில்:
தங்கச்சி, இது நல்ல அடி. ஆனாலும் 900 வந்திருந்தால் இதே இறக்கையை எல்லோரும் தூரநோக்கு என்று புகழ்ந்திருப்பார்கள், இல்லையா? ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். டுபாயின் எமிரேட்ஸ் கம்பனி 615 பேர் ஏற்றும் மாதிரியும் பறக்கவிட்டது. 277 டன்னை 615ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 450 கிலோதான். சான்றிதழ் 853 பேர் வரைக்கும் இருக்கிறது.

பழைய ஸ்பானர்:
853 ஆசனம் போட்டு வாங்கியது யார்? எயார் ஆஸ்த்ரால் என்ற ரீயூனியன் தீவுக் கம்பனி 840 ஆசனத்தோடு இரண்டு கேட்டது. பிறகு அதையும் ரத்துச் செய்தது. கணக்கில் பறக்கும் விமானம் வேறு, கட்டுநாயக்கவில் இறங்கும் விமானம் வேறு.

புறக்கோட்டை நானா:
கட்டுநாயக்க என்ற பேச்சு வந்ததால் நானும் வாறேன். எல்லோரும் மேலே இருக்கிற ஆளையே எண்ணுறீங்க, வயிற்றுக்குள்ள போறதை யாரும் எண்ணல்ல. நான் சூரை மீன் ஐஸ் பெட்டியில் கட்டி அனுப்புறவன். 777-300ஈஆரின் வயிற்றில் 44 கொள்கலனுக்கு இடம். உங்கட ராட்சசனுக்கு 38தான். ஆள் கூடினா சூட்கேசும் கூடும், அதுக்கே இடம் போயிடும். எங்கட மீனுக்கு என்ன மிச்சம்? ஒரு நாளைக்கு ஒரு பெரிய பிளேன் வாறதை விட மூன்று நடுத்தரம் வந்தா காலையில் பிடிச்சதுக்கும் வழி, பின்னேரம் வந்ததுக்கும் வழி.

2017 ஓகஸ்டில், ஓடுபாதையைப் புதுப்பித்த பிறகு, எமிரேட்ஸ் ஒரு தடவை ஏ380ஐக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. பத்திரிகை முழுக்க படம். மறுநாள் வழமைபோல 777 வந்திச்சு, எங்கட பெட்டியும் ஏறிச்சு.

கடலோர ரயில்:
நானா, மீன் விஷயத்தில் நான் தோல்வி. ஆனால் அந்த விமானம் கொழும்புக்காகக் கட்டியது இல்லையே. லண்டன் ஹீத்ரோ மாதிரி இறங்கவே நேரம் கிடைக்காத இடத்தில், ஓர் இறக்கத்துக்கு ஐந்நூறு பேர் என்றால் அது தங்கம். டுபாய் 123 வாங்கியது விசர் பிடித்தா?

பழைய ஸ்பானர்:
டுபாய்க்குப் பொருந்தியது, ஒத்துக்கொள்கிறேன். உலகத்தின் நடுவில் ஒரு சந்தி, எல்லாத் திசையிலும் இருந்து சனம் வந்து மாறும் இடம். ஆனால் 2019இல் அவர்களே தங்கள் ஓடரில் 39 விமானத்தைக் குறைத்தார்கள், எயார்பஸ் உடனே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரே வாடிக்கையாளரின் தோளில் நிற்கிற கடை எவ்வளவு காலம் ஓடும்? ஹீத்ரோ நேரம் என்கிறீர்கள். இதன் பின்னால் கிளம்பும் சுழல்காற்றுக்காக அடுத்து வருகிறவனைக் கூடுதல் தூரத்தில் நிறுத்த வேண்டும். மிச்சம் பிடித்த நேரத்தில் கொஞ்சம் அங்கேயே போகும்.

பத்து வருடம் பறந்தவற்றை வாங்க ஆளில்லாமல், சிங்கப்பூர் எயார்லைன்ஸ் திருப்பிக் கொடுத்த முதல் இரண்டையும் பிரான்சில் உதிரிப்பாகத்துக்கு உடைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கே நெஞ்சு கனத்தது. வேறு விமானம் என்றால் சரக்கு விமானமாக்குவார்கள். இதில் மேல்தட்டு பாரத்துக்குக் கட்டியதில்லை.

மொரட்டுவ மாணவி:
பிழை வரைபடத்திலும் இருந்தது, ஸ்பானர் அங்கிள். ஆனால் வரைந்தவர்களின் கையில் இல்லை, அவர்களுக்குக் கொடுத்த கட்டளையில். தயாரிப்பைத் தாமதமாக்கிய வயர் கதையும் அப்படித்தான். எயார்பஸின் ஹம்பர்க் தொழிற்சாலையில் வரைவதற்கு ஒரு பதிப்பு மென்பொருள், பிரான்சில் துலூஸ் தொழிற்சாலையில் இன்னொரு பதிப்பு. விமானத்தில் 530 கிலோமீட்டர் வயர், கொண்டுவந்து பொருத்தினால் நீளம் போதவில்லை. அதோடு சேர்ந்து இரண்டு வருடம் போனது.

கடலோர ரயில்:
அப்படியென்றால் வெள்ளை யானை இல்லை, தொளதொள சட்டை. பந்தி அண்ணையிடம் அப்படியே சொல்கிறேன். அடுத்த மாதம் டுபாயில் மாறி லண்டன் போகிறேன், ஏ380தான். மேல்தட்டுக்குக் காசில்லை, கீழ்த்தட்டில் எங்கே சீட் எடுக்கலாம்?

பழைய ஸ்பானர்:
இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால், ஜன்னல் ஓரம். ஓடத் தொடங்கும்போது போனை வைத்துவிட்டு இறக்கை நுனியைப் பாருங்கள். சக்கரம் நிலத்தை விடும் முன்பே அது மேலே போயிருக்கும். நான் எவ்வளவு திட்டினாலும் அதைப் பார்க்காமல் விட்டுவிடாதீங்கோ.